கூடை சுமந்த கழுத்தும் கப்பிங் குறிகளும்: கடலூர் முதுநகரில் ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்து வலிக்குக் கப்பிங் (தோலின் மேல் கப் கவிழ்த்து உறிஞ்சும் சிகிச்சை) செய்துகொண்ட ஒரு பெண்ணின் ஏழு மாதக் கதை இது. வலி குறைந்தது உண்மை. ஆனால் எதனால் குறைந்தது என்று அவர் நினைத்ததும், முதலில் நான் நினைத்ததும் சரியாக இல்லை. நடுவில் அவருடைய உடலில் இருந்த வேறொரு சிக்கலை மூன்று வாரங்கள் நான் கவனிக்கத் தவறினேன். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில குடும்ப விவரங்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

பின்னணி

கடலூர் முதுநகரில் இரண்டு அறைகள் கொண்ட ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்தை நடத்திவருகிறேன். துறைமுகம் அருகில் இருப்பதால் வருபவர்களில் பாதிப் பேர் மீன் தொழிலைச் சார்ந்தவர்கள். வலை இழுத்துத் தோள் போனவர்கள், ஐஸ் பெட்டி தூக்கி இடுப்பு பிடித்தவர்கள், கூடை சுமந்து கழுத்து இறுகியவர்கள். ஜனவரி மூன்றாம் வாரத்தில் வந்த அந்த 47 வயதுப் பெண் மூன்றாம் வகை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் 25 கிலோ வரை மீனும் ஐஸும் நிரப்பி, சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து, தெருத்தெருவாக விற்று வருபவர்.

எட்டு மாதங்களாகக் கழுத்தின் இடப்புறத்திலிருந்து தோள்பட்டை வரை வலி இருந்தது. முதலில் தைலம், அடுத்து மருந்துக்கடை மாத்திரை, பிறகு சுளுக்கு வழிப்பவர் என்று சென்றவர், அக்டோபரில் பக்கத்து வீட்டார் சொல்லிக் கப்பிங்குக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கே வந்து செய்யும் ஒரு பெண்மணி, முதுகிலும் கழுத்தடியிலும் கப் வைத்து உறிஞ்சி, தோலைப் பிளேடால் மெல்லக் கீறி, மறுபடியும் கப் வைத்து ரத்தம் எடுத்திருக்கிறார். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மாதம் ஒருமுறை. ஆனால் இந்த மூன்று முறையும் நான் முதல் நாளில் அறிந்தவை அல்ல. "கப்பிங் ஏற்கெனவே செய்ததுண்டா?" என்று கேட்டேன், "ஆமாம், நல்லா கேட்டுச்சு" என்றார். எந்த வகைக் கப்பிங் என்று நான் கேட்கவில்லை; என் நிலையத்தில் செய்யும் ரத்தம் எடுக்காத வகைதான் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளில் கண்டவை

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் பகுதியில் பலர் தடுமாறுவார்கள். பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வலி என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். அவர் ஏழு ரூபாய் என்றார். தலையை இடப்பக்கம் திருப்புவது பாதியளவுக்குக் குறைந்திருந்தது. கழுத்திலிருந்து தோள் வரை விரியும் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதி கயிறு போல இறுகி, அழுத்தினால் வலித்தது. கையில் மரத்துப்போதல் இல்லை; பிடிமான வலு இரு கைகளிலும் சமமாக இருந்தது; தலையைச் சாய்த்து மேலிருந்து அழுத்தியபோது வலி கைக்குள் இறங்கவில்லை. நரம்பு அழுத்தத்தைவிடச் சுமையால் சலித்த தசையின் வலி என்ற முடிவுக்கு வர இவை போதுமானவையாக இருந்தன. இடத் தோள் என்பதால் நெஞ்சு வலி உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன், இல்லை என்றார். மூச்சு வாங்குவது பற்றி அவரே ஒரு வரி சொன்னார். "வயசாவுதில்ல, முன்ன மாதிரி ஏறி எறங்க முடியல." அதை நான் குறிப்பேட்டில் எழுதக்கூட இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

வாரம் இருமுறை என ஆறு அமர்வுகள் திட்டமிட்டேன். ஒவ்வொன்றிலும் கைப்பம்பால் உறிஞ்சும் பிளாஸ்டிக் கப்புகள் நான்கை எட்டு நிமிடங்கள் வைப்பது, பிறகு கழுத்தையும் தோள்பட்டை எலும்பையும் இயக்கும் பயிற்சிகளைச் செய்யவைப்பது என்பது திட்டம். நேரடியாகப் பயிற்சியிலேயே தொடங்கியிருக்கலாம். ஆனால் வலி ஏழில் இருக்கும்போது தோளை அசைக்கச் சொன்னால் அவர் அடுத்த அமர்வுக்கு வரமாட்டார் என்பது என் கணிப்பு. கப்பிங்கில் அவருக்கு ஏற்கெனவே நம்பிக்கை இருந்தது. அது தரும் ஓரிரு நாள் இதத்தைப் பயிற்சிக்கான வாசலாகப் பயன்படுத்த எண்ணினேன்.

இங்கே கப் உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மசாஜ் தோலையும் தசையையும் கீழ்நோக்கி அழுத்துகிறது. கப் அவற்றை மேல்நோக்கித் தூக்குகிறது. உள்ளே காற்றழுத்தம் குறைவதால் தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும் சவ்வும் கப்புக்குள் எழும்புகின்றன. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. தோல் சிவந்து சூடாகிறது. உறிஞ்சல் கூடினால் மெல்லிய தந்துகிகள் சில உடைந்து, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிகின்றன. வட்டக் குறி என்று நாம் பார்ப்பது இந்தக் கசிவைத்தான். அடிபட்ட இடத்தில் கன்றிப்போவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. உடல் அந்த ரத்தத்தைச் சிதைத்து அகற்றும் வரை, சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை, நிறம் மாறி மாறி மங்கும்.

வலி குறைவதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. தோலின் இழுவையை உணரும் தடித்த நரம்பிழைகளின் செய்தி முதுகுத் தண்டில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்பது ஒன்று. மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதற்கு அடிப்படை. இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே வழிதான். ஓரிடத்தில் ஏற்படும் தாங்கக்கூடிய வலி, மூளையிலிருந்து கீழிறங்கும் தடுப்பு வலைப்பின்னலைத் தூண்டி வேறு வலியை அடக்குகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதாக நம்பிக்கையும் எதிர்பார்ப்பும். இவற்றுள் எது எவ்வளவு என்று ஒரு நோயாளியிடம் பிரித்துக் காட்ட முடியாது. கழுத்து வலிக்கும் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் கப்பிங் குறுகிய காலத்துக்கு உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். முதுகில் வட்டம் விழுந்ததா இல்லையா என்பதை ஒருவரிடமிருந்து மறைப்பது கடினம் என்பதால் இந்த ஆய்வுகளின் முடிவை நான் முழு உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்கிறேன். என் கைப்பம்பில் அழுத்தமானி கிடையாது. எத்தனை இழுப்பு என்றுதான் எண்ணுகிறேன். ஒரே மூன்று இழுப்பு, ஒல்லியான முதுகில் ஒரு விசையாகவும் சதைப்பற்றுள்ள முதுகில் வேறொரு விசையாகவும் அமையும். அளவு தெரியாத மருந்தைக் கொடுப்பது போன்றது இது.

முதல் மூன்று வாரங்கள்

ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் வலி மூன்று அல்லது நான்கு ரூபாய்க்கு இறங்கியது. இரண்டு நாட்களில் ஆறுக்கு ஏறியது. கழுத்தைத் திருப்பும் அளவு மட்டும் சிறிது சிறிதாகக் கூடிவந்தது. நான்காவது அமர்வில், "நீ வெக்கிறது அவ்ளோவா கேக்கல பாப்பா, அந்தம்மா வெச்சப்ப ஒரு வாரம் வலியே இல்ல" என்றார். என் உறிஞ்சல் போதவில்லை என்று நினைத்து, ஐந்தாவதில் மூன்றுக்குப் பதில் நான்கு இழுப்பும், எட்டுக்குப் பதில் பன்னிரண்டு நிமிடமுமாகக் கூட்டினேன். குறிகள் கருநீலமாக விழுந்தன. வலி இறங்கியது அதே நான்கு ரூபாய்க்குத்தான். நோயாளியின் சொல்லுக்கு ஈடுகொடுக்கச் செய்த அந்தக் கூட்டலுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

ஆறாவது அமர்வு

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, விற்பனை முடித்து நேரே வந்தார். குப்புறப் படுத்திருந்தவர், கப்புகளை எடுத்ததும் எழுந்து நின்றார். கண் இருட்டிச் சுவரைப் பிடித்தார். பிடித்துப் படுக்கவைத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தினேன். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 112. இரத்த அழுத்தம் 96க்கு 60.

கப்பிங்கில் மயக்கம் வருவது தெரிந்த ஒன்று. வலியோ பயமோ இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பைத் தூண்ட, இதயத் துடிப்பும் அழுத்தமும் சேர்ந்து இறங்கும். காலையிலிருந்து தேநீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்து விஷயத்தை முடித்திருப்பேன். முடிக்கவிடாமல் செய்தது நாடி. வேகஸ் மயக்கத்தில் துடிப்பு மெதுவாகும். இவருக்கோ படுத்துப் பத்து நிமிடமாகியும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளிறியிருந்தது. மூன்று வாரங்களாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த நான், முகத்தை வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான்.

அப்போதுதான் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். மாதவிலக்கு ஒன்றரை ஆண்டுகளாக எட்டு, ஒன்பது நாட்கள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது, "நிக்கப் போற வயசுல அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னார்கள். அந்தம்மா வைத்த கப்பிங் ரத்தம் எடுத்த கப்பிங் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு ரத்தம் வந்தது என்றதற்கு, ஒரு டீ கிளாஸுக்குச் சற்றுக் குறைவு என்று விரலால் காட்டினார். ஒரு கப்புக்கு இவ்வளவு என்று எண்ணிப் பணம் வாங்கியதாகவும், அதனால் மூன்றாம் முறை கப்புகள் கூடியதாகவும் சொன்னார்.

அன்றே பேருந்தில் மஞ்சக்குப்பத்துக்கு, அரசு மருத்துவமனைக்கு, மகளோடு அனுப்பினேன். என் கடிதத்தில் மாதவிலக்கையும் ரத்தம் எடுத்ததையும் இரண்டு தனி வரிகளாக எழுதினேன்.

பரிசோதனை முடிவும் ஒரு கணக்கும்

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.6 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை, 8க்குக் குறைந்தால் கடுமையான ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. பிளேடு பட்டிருப்பதால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் செய்தார்கள்; எதுவும் இல்லை என்று வந்தது. நரம்பு வழியாக இரும்பு மருந்தும், உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும், தொடர்ந்து இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள்.

செய்தி கேட்டதும் முதலில் எனக்குக் கோபம் அந்தப் பெண்மணியின் மேல்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று முறையும் சேர்த்துப் போனது 225 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு ஹீமோகுளோபின் 9 இருந்திருந்தால், அந்த ரத்தத்தில் இருந்தது சுமார் 20 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராமில் 3.4 மில்லிகிராம் இரும்பு என்ற கணக்கில் ஏறத்தாழ 69 மில்லிகிராம் இரும்பு. சாதாரணமாக உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். ஆக ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வரவு அந்தக் கப்புகளில் போயிற்று. மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனாலே மிகை உதிரப்போக்கு என்பார்கள். அவருக்கு அந்த அளவென்றே வைத்தாலும், இதே கணக்கில் மாதம் 24 மில்லிகிராம் இரும்பு, ஒன்றரை ஆண்டுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல். ரத்தசோகைக்கு முதன்மைக் காரணம் நார்க்கட்டி. கப்பிங் ஏற்கெனவே வற்றிய கிணற்றில் இறைத்தது.

இருந்தாலும் ஓர் ஒப்பீடு மனத்தில் நிற்கிறது. நம் நாட்டில் ரத்ததானம் செய்ய ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பெண்கள் ஒருமுறை கொடுத்தால் 120 நாட்கள் இடைவெளி விட வேண்டும். அங்கே பெரும்பாலும் எடுப்பது 350 மில்லி. இவரிடமிருந்து அதில் மூன்றில் இரண்டு பங்கு, விரல் நுனியில் ஒரு சொட்டுச் சோதனைகூட இல்லாமல், மூன்று மாதங்களில் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும்போது, எதிரே உட்காரும் பெண்ணுக்கு அது இருக்கும் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். ரத்தமே எடுக்காத எனக்கும் இது பொருந்தும்.

கெட்ட ரத்தம் என்ற பேச்சு

கப்பிங்கை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கு மட்டும் வரச் சொன்னேன். பிப்ரவரிக் கடைசியில் வந்தவர், உடம்பு தேறியதும் மறுபடி ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கோ அதில் முரண்பாடே இல்லை. நல்ல ரத்தம் குறைந்துவிட்டது, அதை ஊசி ஏற்றுகிறது. கெட்ட ரத்தம் கழுத்தில் கட்டிக்கிடக்கிறது, அதைக் கப் எடுக்கிறது. "கறுப்பா, ஜெல்லி மாதிரி வந்துச்சே, நானே பாத்தேன். அது உள்ள இருந்தா வலிக்காம இன்னா செய்யும்?"

அந்த ஜெல்லி உறைந்த ரத்தம். தோலின் நுண்நாளங்களிலிருந்து வருகிற ரத்தம், கப்புக்குள் சில நிமிடங்கள் தங்கினால் உறையும், உறைந்தால் கருக்கும். உடம்பின் வேறெந்த இடத்தில் கீறி எடுத்தாலும் அப்படியே இருக்கும். கழிவை நீக்க ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன; கழுத்துத் தோலுக்கு அந்த வேலை இல்லை. இதையெல்லாம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

வலியே இல்லாத என் கெண்டைக்காலில் ஒரு கப்பை நான்கு இழுப்பு இழுத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். மற்றக் காலில் ஒரே இழுப்பு, மூன்று நிமிடம். முதலாவதில் அவர் முதுகில் விழுந்த அதே கருநீல வட்டம். இரண்டாவதில் இளஞ்சிவப்பு, அதுவும் அரைமணியில் மறைந்தது. குறியின் நிறம் சொல்வது பெரும்பாலும் இழுப்பையும் நேரத்தையும்தான் என்று காட்ட நினைத்தேன். உற்றுப் பார்த்தவர், "உனக்கும் கெட்ட ரத்தந்தானா பாப்பா? நாள் பூரா நின்னா வேற எப்படி இருக்கும்" என்று பரிதாபப்பட்டார். அன்றைக்கு என் செயல்முறை விளக்கம் அத்தோடு முடிந்தது.

அவருடைய நம்பிக்கையை ஏளனம் செய்ய எனக்கு உரிமை இல்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் உறிஞ்சலும் குருதி வாங்கலும் தொக்கணத்தோடு (மசாஜ்) ஒன்றாக எண்ணப்பட்டவை; பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் உறிஞ்சக் கருவியாகச் சொல்கிறார்; யுனானியில் ஹிஜாமா என்ற பெயரில் கப்பிங் இன்றும் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் அந்த வட்டங்களை உலகமே பார்த்தது. கேள்வி முறை பழையதா என்பதல்ல. இந்த உடம்புக்கு, இந்த மாதத்தில், ரத்தம் போகலாமா என்பதே.

அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்டது. ரத்தம் எடுத்தால் மூன்று நாள் சுமை தூக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று அந்தப் பெண்மணி கண்டிப்பாகச் சொல்வாராம். முதுகில் குறி தெரிவதால் வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை. மருமகள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கணவர் கடையில் சாப்பாடு வாங்கிவந்தார். வலிக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக் கிடைக்காத ஓய்வு, வட்டக் குறிகளைப் பார்த்ததும் கிடைத்திருக்கிறது. என் கப்பிங்குக்குப் பின்னரோ மறுநாள் விடியற்காலை துறைமுகத்தில் நின்றார். "ஒரு வாரம் வலியே இல்ல" என்பதற்கும் என் இரண்டு நாளுக்கும் இடையிலான வேறுபாட்டை நான் பம்பின் இழுப்பில் தேடிக்கொண்டிருந்தேன். சுமக்காத அந்த நாட்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மாற்றிய திட்டம்

மார்ச்சில் திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். மகளையும் மருமகளையும் அழைத்து, வாரத்தில் இரண்டு நாள் சுமை இல்லாத நாள் என்று எழுதிக் கையில் கொடுத்தேன். குறிக்குப் பதில் ஒரு சீட்டு. என் கையெழுத்தும் முத்திரையும் இருந்ததால் அதற்கு மதிப்பு இருந்தது. 25 கிலோவை இரண்டு கூடைகளாக்கி, தொலைவான தெருக்களுக்கு ஷேர் ஆட்டோவில் போக ஒத்துக்கொண்டார். சக்கர வண்டி வேண்டாம் என்றார். மணல் சந்துகளில் உருளாது, மேலும் தலைக்கூடையைக் கண்டால்தான் வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்பது அவர் வாதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோள்பட்டையைப் பின்னிழுக்கும் பயிற்சி, கழுத்தின் முன்தசைப் பயிற்சி, ரப்பர் பட்டையோடு சில என்று நாளுக்குப் பத்து நிமிடம். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்பதையும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது. மார்ச் இறுதியில் ஹீமோகுளோபின் 10.1. வலி ஐந்து ரூபாய்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகம் ஓய்ந்துவிடும். கரையோரக் கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டுவரும் கொஞ்ச மீனும் கருவாடும்தான் விற்பனைக்கு. மே மாதத்தில் அவர் வலி இரண்டு ரூபாய்.

அந்த மே மாதத்தில் என்னிடம் கேட்டிருந்தால், சிகிச்சை வெற்றி என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வரும் அந்தப் பெண்மணியிடம் போயிருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார். இருவருமே தவறாக இருந்திருப்போம். சுமை முக்கால் பங்கு குறைந்தது, ரத்தம் ஏறியது, பயிற்சி இரண்டு மாதமானது. மூன்றும் ஒரே நேரத்தில். போதாக்குறைக்கு, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். உச்சத்திலிருந்து எதுவும் செய்யாமலேயே ஓரளவு இறங்கும். எனவே தடைக்காலத்துக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஜூலைக்காகக் காத்திருந்தேன்.

ஜூலையும் ஆகஸ்டும்

படகுகள் கடலுக்குப் போன மூன்றாம் வாரத்தில் வலி ஐந்தைத் தொட்டது. கப் வைக்கச் சொல்லிக் கேட்டார். அப்போது ஹீமோகுளோபின் 11ஐ ஒட்டியிருந்ததால், சாப்பிட்டுவிட்டு வரும்படி சொல்லி, இரண்டு இழுப்பு, ஐந்து நிமிடம் என இருமுறை செய்தேன். குறி இளஞ்சிவப்பாகவே விழுந்தது. வலி இறங்கியது மூன்று ரூபாய்க்கு. பிப்ரவரியில் கருநீலமாக வைத்தபோது இறங்கியதைவிட ஒரு ரூபாய் கீழே. இரண்டே முறை என்பதால் இதிலிருந்து பெரிதாக எதையும் நிறுவ முடியாது. அழுத்திக் குறி விழவைத்தால்தான் பலன் என்ற பேச்சுக்கு இவரிடம் ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஆகஸ்ட் இறுதியில் ஹீமோகுளோபின் 11.4. வலி வாரத்தில் ஐந்து நாள் மூன்று ரூபாய், ஏலம் அதிகமான நாட்களில் ஐந்து. தலையை இடப்பக்கம் திருப்புவது வலப்பக்கத்துக்கு ஏறக்குறையச் சமம். சுமை இல்லாத இரண்டு நாள் என்பது நடைமுறையில் ஒன்றரை நாளாகத் தேய்ந்திருக்கிறது. நார்க்கட்டிக்கு அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர்கள் பேசியிருக்கிறார்கள்; தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார். ரத்தம் எடுக்கும் கப்பிங்குக்கு அவர் மறுபடி போகவில்லை. கெட்ட ரத்தம் பற்றிய எண்ணம் மாறியதால் அல்ல. ஊசி ஏற்றி வந்ததை மறுபடி இறைக்க மனம் வரவில்லை என்றார்.

என் நிலையத்தில் மாற்றியவை

கப்பிங் செய்ததுண்டா என்ற கேள்வியை இப்போது நான் கேட்பதில்லை. பிளேடு வைத்துக் கீறினார்களா, எத்தனை முறை, கடைசியாக எப்போது என்று கேட்கிறேன். பெண்களிடம் மாதவிலக்கு எத்தனை நாள் என்பதும், எல்லோரிடமும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்பதும் முதல் பக்கத்தில் வந்துவிட்டன. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பொதுவாகக் கேட்டால் சர்க்கரை மாத்திரையை மட்டும் சொல்பவர்கள் உண்டு. அதனால் மாத்திரை அட்டைகளையே பையோடு கொண்டுவரச் சொல்கிறேன். படுக்கவைக்கும் முன் சன்னல் பக்கம் திருப்பி இமையைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகிறது. வெளிறியிருந்தால் அன்று கப் இல்லை, ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான்.

வெறும் வயிற்றில் வந்தவருக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்து அரைமணி உட்காரவைக்கிறேன். கப் எடுத்த பின் இரண்டு நிமிடம் ஒருக்களித்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகே எழ வேண்டும். இழுப்பு எண்ணிக்கையையும் நிமிடங்களையும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். நோயாளி கேட்டார் என்பதற்காக அவற்றைக் கூட்டுவதில்லை. வலிக் கணக்குக்குப் பக்கத்தில் அந்த வாரம் எத்தனை நாள் சுமை தூக்கினார், தடைக்காலமா, ஏல நாளா என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பத்தி நிரம்பாத அட்டைகளை இப்போது நான் நம்புவதில்லை.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் அந்தப் பெண்மணியை மருமகள் மூலம் ஒருமுறை சந்தித்தேன். புதுப் பிளேடுதான் பயன்படுத்துகிறேன் என்று உறையைக் காட்டினார். ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுச் செய்யலாமே என்றதற்கு, பார்க்கச் சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்றார். பிப்ரவரியில் நான் நான்காவது இழுப்பை இழுத்ததும் ஏறக்குறைய அதே பயத்தால்தான்.